இரவில் தோட்டத்துக்குள் வருகிறவை: வேலி, விளக்கு, நாய், கூடு – எதற்குக் காசு போடலாம்?

ஹங்வெல்ல, பாதுக்க, அவிசாவளைப் பக்கம் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துக்கொண்டு மரவள்ளியும் வாழையும் கொஞ்சம் கோழியுமாகத் தோட்டம் செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு. சனி, ஞாயிறு மட்டும் காணிக்குப் போய் வருகிறவர்கள் ஒரு பக்கம். இறப்பர் தோட்டத்து லயத்தை ஒட்டிய துண்டு நிலத்தில் பயிர் செய்து, அதையே நம்பி இருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். ராத்திரி ஏதாவது புகுந்து நாசம் செய்துவிட்டுப் போனால் இருவருக்கும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "ஒரு கரண்ட் வேலி போடுங்க", "ஒரு ஃபோகஸ் லைட் மாட்டுங்க", "நல்ல நாய் ஒன்று வளருங்க". எது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பன்றியைத் தடுக்கிற வேலிக்கு மேலால் மரநாய் சாவகாசமாக ஏறிப் போகும். மரநாயைத் தடுக்கிற கூட்டு வலையைப் பன்றி திரும்பிக்கூடப் பார்க்காது.

2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுவதும் குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணினார்களே, அது காலை 8 மணியிலிருந்து வெறும் 5 நிமிடம். பகலில் வருகிறவை கண்ணுக்குத் தெரிவதால் பேச்சில் அடிபடுகின்றன. இரவில் வருகிறவை அடையாளத்தை மட்டும்தான் விட்டுப் போகின்றன, அதை நாம்தான் படிக்க வேண்டும்.

பன்றி வந்தால் நிலம் ஏர் ஓட்டினது போல் பட்டை பட்டையாகப் புரண்டு கிடக்கும். முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியைச் சுரண்டித் தின்றிருக்கும். மரவள்ளியை அடியில் தோண்டிக் கிழங்கை எடுத்திருக்கும். தேடினால் ஒரு முள்ளாவது கிடைக்கும். மதிலின் மேல் பப்பாசி விதையோ கித்துள் விதையோ கலந்த எச்சம் கிடந்தால் மரநாய். கோழிக் கதை இன்னும் தெளிவானது. ஏழெட்டுக் கோழி கடிபட்டு அங்கங்கே கிடந்தால் பெரும்பாலும் கட்டாக்காலி நாய்தான். ஒரே ஒரு கோழி காணாமல் போய், கொஞ்சம் தள்ளிப் புதருக்குள் இறகு குவிந்து கிடந்தால் பூனை இனம் ஏதோ வந்திருக்கிறது. கொலன்னாவ, தலங்கம சதுப்பு நிலங்களை ஒட்டிய இடமானால் அது மீன்பிடிப் பூனையாகவும் இருக்கலாம். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது, அந்த ஈரநிலங்களில் இன்றும் வாழ்கிற விலங்கு அது. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதற்குப் பொறி வைக்கவே கூடாது. கூட்டைத்தான் திருத்த வேண்டும்.

கோழி: கூடா, காவலா?

கோழிக்கு நல்ல கூட்டை மிஞ்சிய பாதுகாப்பு கிடையாது. விளக்கு, நாய், வேலி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும் அதற்கு ஈடாகாது என்றே சொல்வேன்.

ஆனால் நம் கூடுகள் பெரும்பாலும் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலையால் செய்தவை. அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், வேறொன்று உள்ளே வராமல் இருக்க உதவாது. நாய் பல்லால் பிடித்து இழுத்தால் கம்பி நூல் போலப் பிரிந்துவிடும். மழைக்கு ஒரு வருடத்தில் துரு பிடிக்கும். கொழும்புப் பக்கம் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, மெல்லிய கம்பி தாக்குப் பிடிக்காது. அரை அங்குலக் கண் உள்ள, கல்வனைஸ் பண்ணிய வெல்ட் மெஷ் விலை கூடத்தான். கூடு முழுக்கப் போட வசதியில்லாவிட்டால் கீழே இருந்து மூன்றடிக்கும், காற்று வரும் துவாரங்களுக்கும் மட்டுமாவது போடுங்கள்.

பாதுக்கையில் என் மைத்துனரின் கூட்டைப் பார்த்தபோது பலகையும் கொங்கிரீட்டும் சேரும் மூலையில் என் கட்டை விரல் தாராளமாகப் போய் வந்தது. "இதுக்குள்ளால என்ன மச்சான் வரப்போகுது?" என்றார். எலி வரும். எலி வந்தால் முட்டையும் குஞ்சும் போகும். எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும், சில வேளை நாகமும் வரும். மலைப்பாம்பு நுழைந்தால் காலையில் வயிறு வீங்கி, வந்த வழியால் வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அந்த மூலைக்கு ஒரு கை மெஷ்ஷும் கொஞ்சம் சீமெந்தும் போதும்.

மண்ணைத் தோண்டி நாய் வருகிற இடத்தில் வலையை ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு விரித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடுங்கள். நாய் சுவர் ஓரமாகத்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றாது. கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, மரநாய் முன்காலால் அதைக் கிளப்பிவிடும். கொக்கிக்குள் ஒரு கம்பியோ சின்னப் பூட்டோ செருகுங்கள். பொழுது படும் முன் மிச்சத் தீனியை எடுத்து மூடியுள்ள தகர டின்னுக்குள் போடுங்கள். காசே செலவாகாத இந்த ஒரு பழக்கம் எலித் தொல்லையைப் பாதியாவது குறைக்கும், எலிக்காய்ச்சல் பயமும் குறையும்.

பன்றி: மின்வேலியா, சேலையா, வெடியா?

லபுகம, களட்டுவாவ வனப்பகுதி ஓரங்களிலும், கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிய காணிகள் பக்கமும் இதுதான் பெரிய தலைவலி. ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு மரவள்ளிப் பாத்தியை முடித்துவிடும்.

உண்மையிலேயே வேலை செய்வது மின்வேலி. நான் சொல்வது எனர்ஜைசர் வைத்த வேலி. 12 வோல்ட் பற்றரியிலோ சோலரிலோ ஓடும் பெட்டி அது. சுமார் ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், சில ஆயிரம் வோல்ட் துடிப்பொன்றை அனுப்பும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடி மறக்காது. பன்றியின் உடம்பை மயிரும் தடித்த தோலும் காக்கும். ஈரமான மூக்குத்தான் அதற்குப் பலவீனமான இடம். அதனால் கம்பி மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும்: தரையிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றரில் ஒன்று, 45இல் ஒன்று. முள்ளம்பன்றியும் வருமானால் இன்னும் தாழ்வாக ஒன்று. நாலடி உயரத்தில் அழகாக இழுத்த கம்பிக்குக் கீழால் பன்றி குனியாமலே போய்விடும்.

வவுனியா, மன்னார்ப் பக்கம் கோடையில் மண் காய்ந்து 'ஏர்த்', அதாவது மின்சாரம் மண் வழியாகத் திரும்புகிற வழி, சரியாகக் கிடைக்காது, வேலி அடிக்காது. நம் பக்கம் மண் எப்போதும் ஈரம் என்பதால் அந்தப் பிரச்சினை குறைவு. இங்கே எதிரி புல். மழை விட்ட ஒரு வாரத்தில் புல் கம்பியைத் தொடும். தொட்ட இடத்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இருட்டில் வேலியோரம் போய் நின்றால் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும், ஈரப் புல் நுனியில் நீலப் பொறி தெரியும். அந்த இடத்தை வெட்டிவிட்டால் வேலி மறுபடி உயிர் பெறும். ஆக மின்வேலியின் உண்மையான விலை பெட்டியும் கம்பியும் மட்டுமல்ல, வாரா வாரம் கீழே புல் வெட்ட ஒரு ஆளும்தான். ஆளில்லாதவர்கள் அதை வாங்குவது வீண்.

வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கம்பிக்குக் கொடுப்பதை இத்தோடு ஒப்பிடவே கூடாது. எனர்ஜைசர் அடித்துவிட்டு விட்டுவிடும். வீட்டு மின்சாரம் பிடித்தால் தசை இறுகிக் கை கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். பந்து எடுக்க வந்த பிள்ளையோ, மாட்டைத் தேடி வந்த அயலவரோ ஈரத் தரையில் நின்று தொட்டால் அதோடு முடிந்தது. சட்டவிரோதம் என்பது இருக்கட்டும். மரவள்ளிக்காக ஒரு மனித உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவதும், சலூனில் வெட்டிய முடியைத் தூவுவதும் ஊரெல்லாம் செய்கிற வேலை. இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. மனித வாடை புதிதாக இருக்கும்வரை தயங்கும். இரண்டு மழை அடித்தால் வாடை போய்விடும், பன்றியும் பழகிவிடும். அறுவடைக்கு முந்தின கொஞ்ச நாளைச் சமாளிக்க இது நல்ல வழி, செலவும் இல்லை. வருடம் முழுவதும் நம்பியிருக்க முடியாது.

அசைவு கண்டால் எரிகிற சோலர் விளக்கும், விட்டு விட்டு அலறும் பெட்டியும் இதே கதைதான், விலை மட்டும் கூட. முதல் சில இரவுகள் மிரளும். வெளிச்சத்தால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அந்த வெளிச்சத்திலேயே நின்று தின்னும். விடிய விடிய எரியும் விளக்கு இன்னொரு தொல்லை: பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். விளக்கு நமக்குத்தான் தேவை, கூட்டுக்குப் போகும் வழியில் கால் வைக்கும் இடம் தெரிவதற்கு. சருகுக்குள் கிடக்கும் சின்ன விரியன், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள், இறப்பர்க் காணிகளில் சர்வசாதாரணம். நம் ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. பன்றிச் சத்தம் கேட்டதும் பட்டாசைத் தூக்கிக்கொண்டு செருப்போடு இருட்டில் ஓடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பன்றியைவிட அந்த ஓட்டம்தான் பயம். பூட்ஸ், டோர்ச், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நாயும் பொறியும்

குரைக்கிற நாய் காணியில் இருந்தால் மரநாயும் கட்டாக்காலி நாயும் கிட்ட வர யோசிக்கும். ஆள் நடமாட்டத்தையும் சொல்லும். அதை அலாரமாக வைத்திருங்கள், சண்டைக்கு அனுப்பாதீர்கள். முள்ளம்பன்றியோடு மோதிய நாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முள்ளைப் பிடுங்கும்போது அது படுகிற பாடு. ஆண் பன்றியின் கோரைப்பல் வயிற்றைக் கிழித்துவிடும். வருடா வருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடவும், கருத்தடை செய்யவும், தினம் சோறு வைக்கவும் ஆள் இருந்தால் மட்டும் நாய் வளர்க்கலாம். வார நாட்களில் யாரும் இல்லாத காணியில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வருவது கொடுமை. அவிழ்த்துவிட்டு வந்தால் அடுத்த வீட்டுக் கோழிக்கு அதுவே கட்டாக்காலி.

கூண்டுப் பொறி வைத்துப் பிடித்து தூரத்தில் விடலாம் என்பார்கள். காட்டு விலங்கைப் பிடித்து இடம் மாற்றுவது நாமாகச் செய்கிற வேலை இல்லை. பத்தரமுல்லையில் இருக்கிற வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும். செய்தாலும் பலன் கொஞ்சம்தான். தீனியும் ஓட்டையும் அப்படியே இருந்தால் காலியான இடத்துக்கு அடுத்த மரநாய் வந்துவிடும். எலிக்கு மட்டும் பொறி நல்லது, விஷத்தைவிட நூறு மடங்கு நல்லது. இரத்தம் உறையாமல் செய்யும் எலி விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் பூனையும் நம் வீட்டு நாயும் சேர்ந்து சாகலாம். எலியைத் தின்கிறவற்றையே கொன்றுவிட்டு எலியைக் குறைக்க முடியுமா?

கண்ணி, விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு, தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்க பட்டாஸ் மூன்றையும் நான் தெரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணிக்கு யார் வருகிறார் என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் கண்ணியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்துபோனது. இந்த நாட்டில் காணக் கிடைப்பதே அரிதான ஒரு உயிர், மரக்கறிப் பாத்திக்குக் காவல் என்று கட்டிய ஒரு துண்டுக் கம்பியால் போனது. கட்டுத்துவக்கு அதைக் கட்டியவரின் காலையே எடுத்த கதைகளும் உண்டு. ஹக்க பட்டாஸ் வாயைச் சிதைத்து, விலங்கைப் பல நாள் பட்டினி போட்டுக் கொல்லும். பயிர் நாசமானவனின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்துக்கு இது வழியில்லை.

எனக்குக் காசு குறைவாக இருந்தால்

காணியிலேயே குடியிருக்கிறவர் என்றால் முதல் காசு கூட்டுக்கு, அடுத்தது தென்னங்கன்றுகளுக்குத் தகரச் சுற்று. கன்றைச் சுற்றி இரண்டடி உயரத் தகரம், அடிப்பக்கம் கொஞ்சம் மண்ணுக்குள் போகும்படி வைத்தால் முள்ளம்பன்றி பெரும்பாலும் வேறு இடம் பார்க்கும். பன்றி தொடர்ந்து வருமானால் எனர்ஜைசர் வாங்கலாம், ஆனால் தனியாக வேண்டாம். பக்கத்துக் காணிக்காரர் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே சுற்றாகப் போட்டால் பெட்டிச் செலவும் புல் வெட்டும் வேலையும் பங்காகும். என் வேலி மட்டும் அடித்தால் பன்றி உங்கள் பாத்திக்கு வரும், அதில் ஊருக்கு என்ன லாபம்?

றம்புட்டான் மரத்து மரநாய்க்கு நான் ஒன்றும் செய்ய மாட்டேன். எட்டுகிற கிளைகளுக்கு வலை போட்டு வீட்டுக்கும் விற்பனைக்கும் வேண்டியதைக் காப்பாற்றலாம். உச்சிக் கிளையில் உள்ளதை நாமும் பறிக்கப் போவதில்லை.

சனி, ஞாயிறு மட்டும் போகிறவர் என்றால் மின்வேலியும் வேண்டாம், நாயும் வேண்டாம், கோழியும் வேண்டாம். அதற்குப் பதிலாக என்ன நடுகிறோம் என்பதை மாற்றுங்கள். மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகள் பன்றிக்கு விருந்து. எல்லையோரம் சீமைக்கிளுவைக் கம்பு நட்டு மிளகு ஏற்றிவிடுங்கள்; உள்ளே கறுவா போடலாம். இரண்டிலும் பன்றி தோண்டித் தின்ன ஒன்றும் இல்லை, வாரம் முழுக்கக் காவலும் கேட்காது. புதர் மண்டாமல் காணியைச் சுற்றி வெட்டிவிடுவதற்கு மட்டும் ஊரில் ஒரு ஆளைப் பிடித்து மாதா மாதம் கூலி கொடுங்கள். பகலில் பன்றி படுத்துக் கிடப்பது அந்தப் புதருக்குள்தான்.