மன்னிப்பா, புலித்தலையா, பணமா: சார்லஸ் மன்னர் எதைக் கொடுக்கலாம்?

அப்பன் விட்டுப்போன தோட்டம் வேண்டும், அவர் வாங்கிய கடன் வேண்டாம் என்று கோத்தகிரியில் யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். லண்டனில் அது சட்டப்படியே நடக்கிறது. அங்கே பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம் வாரிசு வரி உண்டு. ஆனால் 1993 ஏற்பாட்டின்படி மன்னரிடமிருந்து மன்னருக்குப் போகும் சொத்துக்கு விலக்கு, 2022-இல் சார்லஸுக்கும் அது கிடைத்தது. சொத்து வந்தாயிற்று, காலனி ஆட்சியில் முன்னோர் பட்ட கடனுக்கு அவர் என்ன கொடுக்கவேண்டும் என்பதுதான் கேள்வி: மன்னிப்பா, எடுத்துப்போன பொருளா, பணமா?

மன்னிப்புதான் இருப்பதிலேயே மலிவு. 2023-இல் கென்யா போன சார்லஸ் காலனி ஆட்சிக் கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்தார், மன்னிப்பு என்று வாய்விடவில்லை. மந்திரிகள் சொல்வதைத்தான் மன்னர் பேசமுடியும் என்பார்கள், சரி. அதே வருடம் ஜூலையில் நெதர்லாந்து மன்னர் அடிமை முறைக்காக மன்னிப்பே கேட்டுவிட்டார், அதற்கு முன்பே அந்த அரச குடும்பம் 1675 முதல் 1770 வரை காலனிகளில் சம்பாதித்தது இன்றைய மதிப்பில் 54.5 கோடி யூரோ என்று அரசு ஆய்வு ஒன்று கணக்கும் போட்டிருந்தது. கணக்கு இல்லாத மன்னிப்பு போட்டோவுக்குத்தான் ஆகும்.

பொருள் என்றதும் எல்லோரும் கோகினூரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பத்து வயது துலீப் சிங்கிடம் 1849-இல் பிடுங்கியதுதான், ஆனால் இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று உரிமை கோருபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் திரும்பி வரவேண்டியது திப்புவின் சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப் போனது, இப்போது அரச சேகரிப்பில் இருக்கிறது. நம் நீலகிரியும் அதே போரில்தான் கம்பெனி கைக்குப் போனது, அப்புறம்தான் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்ததும் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலம் ஏக்கர் ஒரு ரூபாய்க்குப் போனதும். அந்தச் சேகரிப்பு நாட்டுக்காக மன்னர் வைத்திருப்பது, சொந்த உடைமை அல்ல என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். யாருக்காக வைத்திருந்தாலும் கொள்ளை கொள்ளைதானே?

பணம்தான் சிக்கல். டெல்லிக்கு வந்தால் தோடர்கள் வாழும் மந்துக்கு (அவர்கள் ஊருக்கு) எவ்வளவு வந்து சேரும்? அதோடு, சுதந்திரத்துக்கு அப்புறம் புல்வெளியில் சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நட்டது, மேய்ச்சல் நிலம் மூழ்க அணை கட்டியதெல்லாம் நம் அரசாங்கம், அந்தப் பங்கை லண்டன் தலையில் கட்டமுடியாது. ஆனாலும் சார்லஸ் வருமான வரியைச் சட்டம் கட்டாயப்படுத்தாமல் தானாகத்தான் கட்டுகிறார், இதையும் அப்படியே செய்யலாம். சாண்ட்ரிங்காம், பால்மோரல் போன்ற சொந்தச் சொத்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வாரிசு வரி எவ்வளவோ, அவ்வளவையும் பழங்குடிகளே நடத்தும் அறக்கட்டளைகளுக்கு நேரடியாகக் கொடுத்தால் போதும், டெல்லி வழியாக வரவேண்டாம்.