ஒரே வேனா, இரண்டு காரா?

கடலூரிலிருந்து 14 பேர், பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சிதம்பரம், பிச்சாவரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் போய் வழியில் சொந்தக்காரர் வீடுகளுக்கும் தலைகாட்ட வேண்டுமென்றால் முதல் கேள்வி வண்டிதான்.

வேன் என்றால் 17 சீட் எடுங்கள். 14 பேருக்குக் கணக்காக எடுத்தால் பைகள் காலடியில் கிடக்கும். ஒரே டிரைவர் பேட்டா, ஒரே டோல். சாப்பாட்டுக் கூடையும் ஒரே இடத்தில். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் குலுக்கல் அதிகம். வாந்தி வரும் பிள்ளைகளை முன்னால் உட்காரவையுங்கள். கிராமத்துச் சந்துகளில் வேன் திரும்பாது, மெயின் ரோட்டிலிருந்து நடக்க வேண்டும்.

டிரைவர் போக ஏழு சீட் உள்ள கார்கள் இரண்டு என்றால் வாசல் வரை போகலாம். ஆனால் ஆள் நிறைந்தால் டிக்கியில் இடமே இருக்காது, கேரியர் கட்டாயம். செலவும் கூடும். இருந்தாலும் மே வெயிலில் இதற்கொரு பெரிய பலன் உண்டு: மதியம் சிதம்பரம் கோயில் நடை சாத்தியிருக்கும், சோழபுரத்துக் கல்தரை பாதத்தைச் சுடும். அந்நேரம் பாட்டி, தாத்தாவை ஒரு காரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மூட்டுவலிக்காரர் இருந்தால் கார்தான். இல்லையென்றால் வேன். எதுவானாலும் மஞ்சள் நம்பர் பிளேட்டா என்று பாருங்கள்; புதுச்சேரி வண்டியென்றால் தமிழ்நாட்டுக்குள் ஓட்டும் பெர்மிட்டையும் கேளுங்கள்.