165-160-105 ஒரு வண்டி, 122-120-118 ஒரு வண்டி: எதை எடுப்பது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய கார் தேடிப் போனால் இன்றும் மாருதி 800 கண்ணில் படாமல் இருக்காது. உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்த கையும் ஊருக்கு ஒன்று இருக்கிறது. அப்படி இரண்டு வண்டி விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் கார்புரேட்டர் மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜ் வைத்துப் பார்த்ததில் முதல் வண்டி 165, 160, 105 பிஎஸ்ஐ. இரண்டாவது 122, 120, 118.

"மூணும் ஒரே சீரா இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்று இரண்டாவதைத்தான் பலரும் காட்டுவார்கள். சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அதனால் சீராக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள், மூன்றுமே குறைவாக இருப்பதைக் கவனிப்பதில்லை. நான் முதல் வண்டியைத்தான் எடுப்பேன், ஒரு சோதனை பார்த்த பிறகு.

அதற்கு முன்னால், இந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். என்ஜின் சூடாக இருந்ததா, மூன்று பிளக்கையும் கழற்றினார்களா, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார்களா, பேட்டரியில் தெம்பு இருந்ததா? மிதிக்க மறந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல என்ஜினும் மூன்று சிலிண்டரிலும் குறைத்துக் காட்டும். இரண்டாவது வண்டியின் எண்களைப் பார்த்ததும் முதல் சந்தேகம் இதுதான். இன்னொன்று, சோதனை எந்த ஊரில் நடந்தது? டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய பூமி, இங்கே காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இங்கே 160 காட்டும் என்ஜினே ஊட்டியில் 125 பக்கம்தான் காட்டும். மலையில் ஓடிய வண்டிக்கு அங்கே எழுதிய சீட்டைக் காட்டினால், இங்கே ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் "பதினொன்று இருக்கு" என்றால் அது கிலோ கணக்கு, 156 பிஎஸ்ஐ.

சரி, எண்கள் உண்மை என்றே கொள்வோம். முதல் வண்டியில் இரண்டு சிலிண்டர் திடமாக இருக்கின்றன, அங்கே ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரும் (சிலிண்டரின் உள்சுவர்) நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். மூன்றாவதில் காற்று எங்கேயோ ஓடுகிறது. எங்கே என்பதில்தான் காசு இருக்கிறது. வழக்கமாக அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள தகடு). சுலபமான சோதனைதான், ஆனால் கையில் பிடித்துக் காட்டாது. ஆயில் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் இடத்தை அடைத்துக்கொண்டு தானாகவே எண்ணை ஏற்றிவிடும்.

காற்று ஏற்றிக் கேட்பது அதைவிட மேல். காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்க அதற்கென்றே வரும் லீக்டவுன் கேஜ் இந்தப் பக்கப் பட்டறைகளில் அரிது, ஆனால் பஞ்சர் கடை கம்ப்ரஸர் எல்லா ஊரிலும் உண்டு. திருகி மாட்டும் கம்ப்ரஷன் கேஜ் பலவற்றில் குழாயின் நுனியில் சின்ன வால்வு பின் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் குழாய் காற்றுக்குழாய் ஆகிவிடும். மூன்றாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வைத் தள்ளித் திறக்கும் இரண்டு டாப்பெட்டும் ஆடுகிறதா என்று (ஆடினால் இரண்டு வால்வும் மூடியிருக்கிறது) விரலால் பார்த்து, நாலாவது கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துக் காற்றைத் திறக்க வேண்டும். சைலன்சர் வாயில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட். ரேடியேட்டரில் குமிழ் வந்தாலோ பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வந்தாலோ ஹெட் கேஸ்கட். ஆயில் ஊற்றும் வாயில் லேசான சத்தம் எல்லா என்ஜினிலும் வரும், அங்கே பலமாக வந்தால்தான் ரிங். மூன்றாவதில் அப்படி வந்தால் முதல் வண்டியை நானும் விட்டுவிடுவேன்.

சைலன்சரில் சத்தம் என்றால் ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்த்தால் போதும், அடிப்பாகத்தைத் தொட வேண்டாம். சில சமயம் அதுகூட வேண்டாம். கேஸில் ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி போயிருக்கும், வால்வு முழுக்க மூடாது. அதனால் ஹெட்டில் கை வைக்கும் முன் டாப்பெட் இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு மறுபடி கேஜைப் போட வேண்டும். இதில் ஒரு பயம் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் அலுமினிய ஹெட்டில் தண்ணீர் ஓட்டையைச் சுற்றி அரித்திருக்கும். கேஸ்கட் உட்காரும் இடம் வரை அரிப்பு போயிருந்தால் வேறு ஹெட்தான் தேட வேண்டும்.

இரண்டாவது வண்டிக்கு வருவோம். மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம், அதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டி என்றால் ரிங் ஒட்டியிருக்கலாம். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் எண் தேறுவதும் உண்டு. இவை எதுவும் இல்லாமல், ஆயில் விட்டதும் மூன்றும் 150 பக்கம் ஏறினால் மூன்று போரும் தேய்ந்துவிட்டது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் கார்புரேட்டர் வாயில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால், சம்பா அறுவடைத் தூசியைக் கிழிந்த ஃபில்டரோடு தின்ற வண்டி அது. என்ஜினை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் மாட்ட வேண்டும். ஹெட் வேலைச் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் இந்த வண்டி இன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் முதல் வண்டியைவிட இதமாக இருக்கும். நிற்கையில் உதறாது, கொஞ்சம் ஆயில் குடிக்கும், புல்லிங் மந்தம், அவ்வளவுதான். இங்கே ஏற வேண்டிய ஏற்றம் மேம்பாலத்தோடு சரி. வீட்டிலிருந்து கடைத்தெரு, கோயில் என்று மட்டும் ஓடும் என்றால், வேலையே பார்க்காமல் ஆயில் ஊற்றி ஊற்றி நாலைந்து வருடம் ஓட்டலாம். அந்த எண்ணத்தில் எடுப்பவர் மூன்று போர் வேலைக்கான பணத்தை விலையில் குறைத்துக் கேட்கட்டும். தராவிட்டால் முதல் வண்டிதான்.