பழைய ரேஸ் காருக்கு ‘வரலாறு’ எடுத்துத் தர்றேன்னு வர்றவங்ககிட்ட உஷார்

பழைய வண்டி வாங்கி ரெடி பண்ணிட்டிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிருங்க. எனக்கு 38,000 ரூபாய் போச்சு. காசைக்கூட விடுங்க, அதைவிடப் பெருசா ஒண்ணு போச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

என்னோடது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. துபாயை முடிச்சுட்டு ஊர் திரும்பினதும் வாங்கினேன். கீழக்கரையில பழைய கார் வச்சிருக்கிறதுன்னா பாதி வேலை துருவோடதான். ஹெரால்டுக்கு சேஸ், அதாவது அடிச்சட்டம் தனி, பாடி தனி. சேஸுக்கு ரெண்டு பக்கமும் பாடியைத் தாங்குற இரும்புக் கைகள் நீட்டிட்டிருக்கும். கடல் காத்துல அதெல்லாம் நோன்புக்கு வாங்கின சமோசா ஓரம் மாதிரி ஆயிருச்சு. அதை வெட்டி எடுக்கும்போதுதான் டிங்கர் தம்பி கேட்டான், “காக்கா, இது ரேஸ் ஓடின வண்டியா?” சீட்டுக்குப் பின்னாடி கம்பிக் கூண்டு மாட்டின நாலு ஓட்டை, வெல்டிங் வச்சு மூடியிருக்கு. டாஷ்போர்டுல கூடுதலா ஒரு மீட்டர் ஓட்டை.

எனக்குத் தலைகால் புரியலை. ரேஸ்னா அந்தக் காலத்துல சோழவரம்தான். உலகப் போர் நேரத்துல போட்ட விமான ஓடுதளம், அதுல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்துனாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததெல்லாம் 1990 வாக்குல. மெட்ராஸ்லயே தயாரான 948 சிசி ஹெரால்டு அங்கே ஓடாம எங்கே ஓடும்?

விசாரிக்கப் போய் ஒருத்தர் கிடைச்சார். பழைய ரேஸ் வண்டிகளோட பூர்வீகத்தைத் தேடி ஃபைல் போட்டுத் தருவாராம். பேரைப் போடலை, வக்கீல் வேணாம்னுட்டார். பேச்சு தேன். முதல் நாளே ஆர்சி காப்பி, சேஸ் நம்பர், வண்டிப் படம் எல்லாம் வாங்கிக்கிட்டார். நான் எந்த ஊர், குடும்பம் என்ன, எல்லாம் கேட்டார். அக்கறைன்னு நினைச்சேன்.

அவருக்குப் பாதிப் பணம் கொடுத்த வாரத்துல டிங்கர் தம்பி இடது கதவுல வாட்டர் பேப்பர் போட்டான். நீலத்துக்கு அடியில பச்சை, பச்சைக்கு அடியில வெள்ளை வட்டம். வட்டத்துக்குள்ள கறுப்புல ஒரு எண்ணோட கீழ்ப்பாதி. நல்லா உருண்ட வளைவு. 3, 5, 6, 8, எதுவா வேணா இருக்கலாம். தண்ணி காயக் காய அது மங்கும், திரும்ப ஊத்தினா தெளியும். நாங்க ரெண்டு பேரும் மக்ல தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்துட்டே நின்னோம்.

படத்தை அவருக்கு அனுப்பினேன். “அது பின்னாடி எவனோ அடிச்சது சார். உங்க வண்டி எண் 14, ஆதாரம் கையில இருக்கு. அதைச் சுரண்டிட்டு 14 அடிச்சிருங்க”ன்னார். சுரண்டியாச்சு. தகரம் தெரியுற வரைக்கும்.

ஃபைல் வந்துச்சு, தோல் அட்டை போட்டு. உள்ளே 1966ன்னு தேதி போட்ட ஒரு கடிதம், ஒரு நிகழ்ச்சி நிரல் பக்கம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். படம்தான் அழகு: என் ஹெரால்டு, கதவுல 14, பாம்பன் பாலத்து மேல நிக்குது, கீழே ரயில் பாலம். ‘சோழவரத்தில் வென்று ராமேஸ்வரம் செல்லும் வழியில், 1966.’ ஃபிரேம் போடக் கொடுக்கிறதுக்கு முன்னாடி உம்மாகிட்ட காட்டினேன்.

உம்மா கண்ணாடியைக்கூடப் போடலை. “அப்ப ஏதுடா ரோட்டுப் பாலம்? உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு மண்டபத்துல ரயிலேறித்தானே போனோம்?”

ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. இந்தக் கடற்கரையில பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். படத்துல இருந்தது என் வண்டி, அதனால பாலம் கண்ணுலயே படலை. நான் கீழக்கரைன்னு சொன்னதாலதான் அந்தாள் பாம்பனை ஒட்டியிருக்கார். மும்பைன்னு சொல்லியிருந்தா மெரைன் டிரைவ் வந்திருக்கும்.

அப்புறம்தான் கடிதத்தை ஒழுங்காப் பார்த்தேன். முகவரியில ஆறு இலக்க பின்கோடு. பின்கோடே வந்தது 1972 ஆகஸ்ட்ல. நிகழ்ச்சி நிரல்ல ‘தமிழ்நாடு’ன்னு அச்சு, 1966ல அது மெட்ராஸ் மாநிலம், பேர் மாறினது 1969 ஜனவரியில. சேஸ் நம்பர் மட்டும் எல்லாப் பக்கத்துலயும் கரெக்ட். நான் கொடுத்ததுதானே.

போன் பண்ணினேன். “ஆராய்ச்சிக் கட்டணம் திரும்ப வராது சார்”ன்னார். இப்ப போனே எடுக்கிறதில்லை. போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன்.

இதே மாதிரி யாராவது வந்தா, உங்க வண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க, அவர் என்ன கொண்டு வர்றார்னு பாருங்க. காப்பி வேணாம், ஒரிஜினல் யார் வீட்டுல இருக்குன்னு கேளுங்க. பெயின்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடுக்கையும் ஸ்கேல் வச்சுப் படம் எடுத்துருங்க. நான் எடுத்தது போன்ல ஒரே ஒரு படம், அதுலயும் பாதி என் நிழல்.

வலது கதவு இன்னும் சுரண்டலை. பழைய கைலியைச் சுத்தி வச்சிருக்கேன், டிங்கர் தம்பியையும் கை வைக்க விடலை. உங்க வீட்டு ஆல்பத்துல சோழவரம் ரேஸ் படம் இருந்தா, ரெண்டு கதவு ஹெரால்டு எதுவும் தெரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க. கதவுல 14 இருந்தா அது என் வண்டி இல்லை.