பினாங்கு டாலர்: கிரேடிங் செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

மும்பை மாட்டுங்கா வீட்டுப் பெட்டியில் தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த இரண்டு பிரிட்டிஷ் வர்த்தக டாலர் வெள்ளி நாணயங்கள் கிடைத்தன: 1902, 1930. நாணயத்தில் நிற்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவின் திரிசூல நடுமுனையில் பொடியாக ஒரு 'பி' எழுத்து. பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம். ஊர் சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்திருக்கின்றன!

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அசலா என்று சோதித்து, 70 வரையிலான அளவுகோலில் தரம் போட்டு (இதுதான் கிரேடிங்), பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. இந்த டாலரில் போலிகள் நிறைய. நேரில் பார்க்காமல் வாங்குபவருக்கு அந்த உறைதான் தைரியம். தேயாத 1930க்குச் செலவழிக்கலாம் என்பேன்.

1902ஐ அத்தை ஒரு பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளக்கிறது, லென்ஸில் பார்த்தால் முழுக்க மயிரிழைக் கீறல்கள். இதற்குத் தர எண் கிடைக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்புதான் வரும். தவிர, நூறு வயது கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும். கிரேடிங்குக்கு நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டணமும் காப்பீடும் எதற்கு? அப்படியே விற்பதே சரி. ஒரு நாணயத்தின் எடை சுமார் 26.95 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. ஜவேரி பஜாரில் அன்றைய வெள்ளி விலையை விசாரித்துக்கொண்டு, அதிலுள்ள வெள்ளியின் மதிப்புக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.