சிபிலில் தப்பா? பேங்கா, டிஸ்ப்யூட்டா, ஏஜென்ட்டா

நம் கடன் வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் நிறுவனம் சிபில். அதன் ரிப்போர்ட்டில், கட்டி முடித்த பைக் லோன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறது. அல்லது நீங்கள் வாங்கவே வாங்காத கடன் ஒன்று உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறது. இரண்டும் தப்புதான், ஆனால் போகவேண்டிய வாசல் வேறு வேறு.

பெரும்பாலோர் முதலில் சிபில் தளத்தில் டிஸ்ப்யூட், அதாவது 'இந்தப் பதிவு தப்பு' என்கிற புகார், போடுவார்கள். இலவசம், வீட்டிலிருந்தே போடலாம். சிக்கல் என்னவென்றால், கடன் கணக்கு விவரத்தைச் சிபில் தானாகத் திருத்தாது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும். "எங்கள் பதிவு சரிதான்" என்று பதில் வந்தால் புகார் அத்தோடு மூடப்படும்.

அதனால் முடிந்துபோன லோன் என்றால் நேராகப் பேங்கையே பிடியுங்கள். சிபில் போலவே கடன் பதிவு வைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவற்றுக்கும் தகவல் அங்கிருந்துதான் போகிறது. மூலத்தில் திருத்தினால் நான்கிலும் சரியாக வழி உண்டு. கிளை கவுன்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவது வீண். என்ஓசி (கடன் முடிந்தது, பாக்கி இல்லை என்று பேங்க் தரும் சான்று) நகலை இணைத்துக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். புகார் கொடுத்த தேதிக்கு மதிப்பு இருக்கிறது: ரிசர்வ் வங்கியின் 2023 அக்டோபர் உத்தரவுப்படி 30 நாளுக்குள் தீராவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. திருத்திய தகவலை 21 நாளுக்குள் பேங்க் அனுப்பாவிட்டால் அந்தப் பணம் பேங்கின் தலையில். அனுப்பியும் சிபில் தூங்கினால் சிபிலின் தலையில்.

வாங்காத கடனுக்கு டிஸ்ப்யூட்தான் முதல் படி. அந்தக் கடனைக் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கு நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. கிளைக்குப் போனால் "லோன் நம்பர் சொல்லுங்க" என்பதிலேயே நிற்பார்கள். கூடவே போலீஸ் புகாரும் கொடுத்துவிடுங்கள்.

'செட்டில்டு' என்று இருப்பதைப் பலர் தப்பு என்று நினைக்கிறார்கள். குறைத்துப் பேசிக் கடனை முடித்திருந்தால் அது சரியான பதிவுதான். மீதியைக் கட்டி, 'க்ளோஸ்டு' ஆக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

"ஸ்கோர் ஏத்தித் தர்றோம்" என்கிற ஏஜென்ட்? அவரும் அதே இலவச டிஸ்ப்யூட்டைத்தான் போடுவார், உங்கள் ஓடிபியையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு. உண்மையாகவே தவறிய தவணையை அழிக்க அவரால் முடியாது.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனில் போகலாம். 2022 முதல் சிபில் போன்ற நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.