சின்ன பட்ஜெட் படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு: ஒரு ஸ்டூடியோவில் 18,000 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "விடுப்பா, போகட்டும்" என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள். கோலாலம்பூரில் கையில் இருக்கும் காசைப் போட்டுத் தமிழ்ப் படம் எடுக்கும் எல்லாரும் படியுங்கள். எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம். கடைவீட்டு மேல்மாடியில் கலர், சவுண்ட், டிசிபி எல்லாம் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு ஸ்டூடியோ. டிசிபி என்பது தியேட்டர் புரொஜெக்டருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதி.

எங்கள் படத்தின் மொத்தச் செலவே 120,000 வெள்ளி. செந்தூலில் நண்பன் வீடுதான் லொகேஷன், சாப்பாடு என் அக்கா சமையல், நடித்தவர்கள் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். தேசியத் திரைப்பட வாரியம் பினாஸ், மாநகராட்சி டிபிகேஎல் என்று அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை. கடைசி வேலைகளுக்கென்று தொடாமல் வைத்திருந்தது 18,000 வெள்ளி. ஷூட்டிங்கில் ஒரு நாள் கூடினாலே வாடகை, சாப்பாடு என்று காசு கரையும். முடிக்கிற வேலைக்கு வரும்போது யார் மலிவு என்றுதான் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஆட்கள் வலை விரிப்பதும் அங்கேதான்.

முதல் நாள் அந்த ஸ்டூடியோ முதலாளி எங்களை உட்கார வைத்து, தே தாரிக் வரவழைத்து, விளக்கை அணைத்துவிட்டு எங்கள் படத்தின் அம்மா காட்சியைப் பெரிய மானிட்டரில் போட்டார். எங்கள் கண் முன்னாலேயே இரண்டு ஷாட்டுக்குக் கலர் மாற்றிக் காட்டினார். உண்மையாகவே அழகாக இருந்தது. "அண்ணே, இது நம்ம ஆளுங்க படம். காசுக்காகச் செய்யல, முழுசா இப்பவே போட்டீங்கன்னா 22,000 வேலைய 18,000க்கு முடிச்சுத் தர்றேன்" என்றார். என் கேமராமேன் கண் கலங்கிவிட்டான். அங்கேயே உட்கார்ந்து போனில் 18,000 வெள்ளியையும் அனுப்பினேன்.

சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒரு வழியாக டிசிபி வந்தது. தெரிந்தவர் மூலம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்பு போட்டுப் பார்த்தோம். வசனம் நடு ஸ்பீக்கரில் வரவே இல்லை, நடு, பக்கம், பின்பக்கம் என்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 மிக்ஸ் என்று சொல்லிவிட்டு வெறும் ஸ்டீரியோவை இடது வலதில் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் எடுத்தது நொடிக்கு 25 பிரேமில், டிசிபி 24இல். படத்தை மெதுவாக்கியவர்கள் மலாய் சப்டைட்டிலை அப்படியே விட்டுவிட்டார்கள். 100 நிமிடப் படத்தில் முடிவுக்கு வரும்போது எழுத்து 4 நிமிடம் முன்னால் ஓடுகிறது. கிளைமாக்ஸில் சாகப்போகிறவனுடைய கடைசி வார்த்தை, அவன் கதவைத் திறப்பதற்கு முன்பே திரையில் வந்துவிட்டது!

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். "ரெண்டர் ஓடுதுண்ணே." "சவுண்ட் பையன் ஊருக்குப் போயிட்டான்." "உங்க தியேட்டர் ஸ்பீக்கர்லதான் பிரச்சனை." பிறகு நீல டிக் மட்டும், பதில் இல்லை. நேரில் போனால் கீழே காரை நிறுத்துவதற்குள் மேலே விளக்கு அணைகிறது. கடைசியாக வந்த மெசேஜ்தான் உச்சம்: திருத்த வேண்டுமென்றால் இன்னும் 4,000 வெள்ளியாம், அதுவரை நாங்கள் ஷூட்டிங் காட்சிகளோடு கொடுத்த ஹார்ட் டிஸ்க் அவர்களிடமே இருக்குமாம். என் படம், என் 18,000 வெள்ளி, நான் இன்னும் கட்ட வேண்டுமாம்!

போலீஸ் ரிப்போர்ட் போட்டேன். இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு வழக்கு முறையில் 5,000 வெள்ளி வரைதான் கேட்கலாம். 18,000க்கு வக்கீல் வைத்தால் அவருக்கு எதைக் கொடுப்பது?

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாக எழுதுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் அந்தக் கம்பெனி இருக்கிறதா பாருங்கள். பணம் போடும் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் ஒரு முறை தட்டிப் பாருங்கள். எடுத்த காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை மட்டும் கொடுங்கள். தியேட்டரில் முழுப் படமும் ஓடிய பிறகுதான் கடைசித் தவணை.

எங்கள் இரண்டாவது பிரதியில் கடைசி மூன்று நாள் ஷூட்டிங் இல்லை, அது அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். இதே மாதிரி ஸ்டூடியோவில் மாட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போவோம்.